வேர் அறுந்த மிளகாய் நாற்று

நாற்றங்காலில் பச்சைப்பசேலென்று நிமிர்ந்து நின்ற மிளகாய் நாற்று, வயலில் நட்ட மறுநாள் உச்சிப்பொழுதில் தலைசாய்ந்து கிடப்பதைக் காண்பவரின் மனநிலையை நாம் விவரிக்க வேண்டியதில்லை. நம் அங்கத்தினர்களில் அதை அனுபவியாதவர் மிகச் சிலரே. அந்த வேளையில் செய்வது யாது, செய்யலாகாதது யாது என்பதைக் குறித்துச் சிறிது எழுத விரும்புகிறோம்.

சென்ற ஆனிக் கடைசியில் நம் அங்கத்தினர் ஒருவர் வாடிய நாற்றுக் கட்டொன்றைக் கையிலேந்திச் சங்கக் கட்டடத்தின் படியேறி வந்தார். பரம்பரையாகத் தறி நெய்பவர். வீட்டை ஒட்டி அரை ஏக்கர் கிணற்றுத் தோட்டமும் அவருக்கு உண்டு. பயிர்க் கடன் பெற்று மிளகாய் நட்டிருந்தார். வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 45 சென்டிமீட்டர் என்னும் வழக்கமான இடைவெளியில் அரை ஏக்கருக்கு ஏறத்தாழ 7,500 நாற்றுகள் பிடிக்கும். நட்டு மூன்றாம் நாள் அவற்றில் பெரும்பகுதி துவண்டுவிட்டது. உரம் வாங்கிய இடத்தில் யாரோ, "யூரியாவைத் தூவித் தண்ணீரை நிறையப் பாய்ச்சுங்கள், எழுந்துவிடும்" என்றனராம். நல்லவேளையாக, அதைச் செய்யுமுன் அவர் நம்மிடம் வந்தார்.

தோட்டத்திற்குச் சென்று ஒரு செடியை மண்ணோடு பெயர்த்துப் பார்த்தோம். ஆணிவேர் இரண்டு விரற்கடை நீளத்தில் அறுந்திருந்தது. பக்கவேர்கள் பெரும்பாலும் இல்லை. இருந்தவையும் பழுத்த நிறமாகக் காய்ந்திருந்தன. இன்னொரு செடியில் வேர் அறாமல் இருந்தது. ஆனால் குழியில் திணித்த அவசரத்தில் மடங்கி, நுனி மேல்நோக்கி நின்றது. விசாரித்தபோது காரணம் விளங்கிற்று. வாங்கிய இடத்தில் காய்ந்த பாத்தியிலிருந்து பட்டப்பகலில் நாற்றை இழுத்துப் பிடுங்கியிருக்கிறார்கள். மூடாமல் வண்டியின் பின்புறம் கட்டி, காற்றில் கொண்டுவந்திருக்கிறார்கள்.

செடி மண்ணிலிருந்து நீரை உறிஞ்சுவது பருத்த வேரால் அன்று. வேர் நுனிக்குச் சற்றுப் பின்னே, கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் வேர்த்தூவிகள் இருக்கின்றன. நீரையும் சத்தையும் பெருமளவில் உள்ளே வாங்குபவை அவையே. நாற்றை இழுத்துப் பிடுங்கும்போது அவை மண்ணோடு அறுந்து தங்கிவிடுகின்றன. எஞ்சியவை சிறிது நேரம் வெயிலும் காற்றும் பட்டால் உலர்ந்து சாகின்றன. இலைகளோ முன்போலவே நீரை ஆவியாக வெளியே விட்டுக்கொண்டிருக்கின்றன. வரவு நின்றது, செலவு நிற்கவில்லை, அதுவே வாட்டம். பாவில் ஓர் இழை அறுந்தால் பிணைத்துவிட்டு நெசவைத் தொடரலாம். அறுந்த வேரைப் பிணைக்க இயலாது. செடி புதிதாகப் பக்கவேர் விட்டாக வேண்டும். அதுவரை அதன் செலவைக் குறைத்து வைப்பது ஒன்றே நம்மால் ஆகக்கூடியது.

ஆகவே முதலில் செய்யவேண்டியது நிழல். ஏழாயிரம் செடிக்குப் பந்தல் போட முடியுமா என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. நம் அங்கத்தினர் வீட்டில் இரண்டு நாள் தறி நின்றது. பெண்டிரும் பிள்ளைகளுமாக வேலியிலிருந்து ஒடித்த தழைக்கொத்தையும், ஆமணக்கு இலையையும், கிழித்த தென்னங்கீற்றையும் ஒவ்வொரு செடிக்கும் மேற்குப் பக்கமாக ஊன்றினார்கள். பிற்பகல் வெயிலையும், அந்த மாதத்தில் மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்றையும் அது ஒருசேரத் தடுத்தது. காலையிலும் மாலையிலும் கைத்தெளிப்பானால் இலை நனையும் அளவுக்கு வெறும் நீரைத் தெளித்தார்கள். (களைக்கொல்லி அடித்த தெளிப்பானை இதற்கு எடுக்கவே கூடாது. எவ்வளவு கழுவினாலும் சிறிது தங்கியிருந்து, பிழைக்க இருந்த செடியையும் கொன்றுவிடும்.)

நீர் விஷயத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். வாடிய செடியைக் கண்டால் மடை திறக்கவே கை போகிறது. ஆயின் வேர் விடுவதற்கு ஈரம் வேண்டுவதைப் போலவே காற்றும் வேண்டும். மண் சேறாகிக் காற்று வெளியேறினால் புது வேர் தோன்றாது. காயம்பட்ட பழைய வேரின் வழியே அழுகல் நோய் புகும். நட்டவுடன் ஒரு நீர், மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர், அப்பால் மண்ணைக் கையில் பிடித்துப் பார்த்து, பிடி உதிரும் நிலை வந்தபின் நீர் என்பதே போதும். மடங்கிய வேருள்ள செடிகளை மாலையில் பெயர்த்து, வேர் நேராகத் தொங்கும்படி மறுபடி நட்டு, தூரில் மண்ணை விரலால் அழுத்தச் செய்தோம். வேருக்கும் மண்ணுக்கும் இடையே வெற்றிடம் இருந்தால் எத்தனை நீர் விட்டும் பயனில்லை.

யூரியாவைப் பற்றி நம் அபிப்பிராயம் கடுமையானது. வேர்த்தூவியற்ற செடிக்குச் சத்தை வாங்கும் வாயில்லை. உப்பு மிகுந்த மண்ணீரோ வேரிலிருந்தே நீரை இழுத்துவிடும். புதுத்துளிர் வெளிவரும் வரை எந்த ரசாயன உரமும் ஆகாது. இலைகளைக் கிள்ளிவிட வேண்டும் என்பாரும் உளர். நாம் அதை முழுதும் ஒப்பவில்லை. புது வேருக்கு வேண்டிய உணவை ஆக்குபவை அந்த இலைகளே. பழுத்தவற்றை மட்டும் நீக்கினால் போதும். மொட்டு இருந்தால் தயங்காமல் கிள்ளலாம்.

எந்தச் செடி பிழைக்கும் என்பதை அறிய விடியற்காலையில் பார்க்க வேண்டும். பகலில் துவண்டது விடியலில் நிமிர்ந்திருந்தால் அது தப்பும். விடியலிலும் தலைதூக்காததன் தண்டை நகத்தால் சிறிது கீறினால், உள்ளே பச்சை தெரிகிற வரை நம்பிக்கை உண்டு. பழுப்பாக இருந்தால் பிடுங்கிவிடலாம். நம் அங்கத்தினரின் தோட்டத்தில் எட்டாம் நாள் குருத்தில் மினுமினுப்புக் கண்டது. எல்லாச் செடியும் எழவில்லை. ஐந்தில் ஒன்று போல் போயிற்று. அதனை மறைத்து எழுதுவதில் பயனில்லை.

இவ்வளவு பாடும் நாற்றைப் பறிக்கும் அரைநாளில் தவிர்க்கக்கூடியது. மிளகாய் நாற்று நாற்பது நாளளவில் நடவுக்கு ஆகும். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே நீரைக் குறைத்து நாற்றை முறுக்கேற்ற வேண்டும். பறிப்பதற்கு முந்தைய மாலையில் பாத்தியை நன்றாக நனைத்து, மறுநாள் குச்சியாலோ களைக்கொட்டாலோ அடிமண்ணை நெம்பி எடுத்தால், வேர் மண்ணோடு வரும். ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்து, வெயில் தாழ்ந்தபின் நடலாம். லிட்டருக்கு 5 கிராம் வீதம் சூடோமோனாஸ் கரைத்த நீரில் வேரை அரைமணி நேரம் வைத்து நடுவது வேரழுகலைத் தடுக்க உதவும். தென்னை நார்க் கழிவு நிரப்பிய குழித்தட்டில் வளர்த்த நாற்று வேர்க்கட்டியோடு கழன்று வருவதால் வாட்டம் மிகக் குறைவு. விலை சற்றுக் கூடினும், போக்குவழி தேடுவதைவிட அது மலிவென்றே நாம் கருதுகிறோம். ஆனால் நாள் கடந்த தட்டு நாற்றில் வேர் குழிக்குள்ளேயே சுருண்டுவிடும். வாங்குமுன் ஒன்றைக் கழற்றிப் பார்ப்பது நலம். தக்காளியின் தண்டு மண்ணுக்குள் வேர்விடும் இயல்புடையதாகையால் அதைச் சற்று ஆழமாக நட்டுக் காப்பாற்றலாம். மிளகாயை நாற்றங்காலில் நின்ற ஆழத்திலேயே நடுக.

இன்னும் ஒன்று. நாற்று முழுவதையும் ஒரே நாளில் நட்டுத் தீர்க்காமல், சில நூறு நாற்றுகளைப் பாத்தியின் மூலையில் விட்டுவைக்க வேண்டும். பத்து நாளுக்குள் நிரப்பும் போக்குவழிச் செடிகள் மற்றவற்றோடு ஒத்து வளரும். அதற்குப் பின் நிரப்பியவை மூத்த செடிகளின் நிழலில் ஒடுங்கிப்போகும். நம் அங்கத்தினரிடம் மீதி நாற்று இல்லை. பக்கத்து ஊர் அங்கத்தினர் ஒருவர் தம் பாத்தி மூலையில் நின்றதைக் கொடுத்துதவினார். இம்முறை மாலையில், மண்ணோடு, ஈரச் சாக்கில் வந்தது.