'வேண்டாம்' என்பது 'வேண்டும்' ஆனால்?

யூடியூபில் யாராவது பேசும் காணொளி ஒன்றைத் திறந்து, 'சிசி' பொத்தானைத் தட்டிவிட்டு, ஒலியை முழுவதும் அடைத்துவிடுங்கள். இரண்டு நிமிடம் எழுத்தை மட்டும் படியுங்கள். பேசியது எல்லாம் புரிந்ததா? காது கேளாத ஒருவர் எப்போதும் அப்படித்தான் பார்க்கிறார்.

நமக்குப் பழகிய 'சாரி காத்தா' பெரும்பாலும் வேற்றுமொழி வசனத்தை மொழிபெயர்த்துக் காட்டும். காது கேளாதோருக்கான வசன வரி, பேச்சை அதே மொழியில் எழுத்தாக்கித் தரும். கதவு தட்டும் ஓசை, இடி, சைரன் ஆகியவற்றையும் அது குறிப்பிட வேண்டும். இந்த வேலையை இயந்திரமே செய்யும் வசதியை யூடியூப் 2009 நவம்பரில் ஆங்கிலத்தில் தொடங்கியது. அதற்காக உழைத்த கூகுள் பொறியியலாளர் கென் ஹாரென்ஸ்டீன் காது கேளாதவர். தமிழ் சற்றுத் தாமதம்தான். கூகுளின் குரல் தட்டச்சில் தமிழ் சேர்ந்தது 2017இல்.

இயந்திரம் எப்படிக் 'கேட்கிறது'? முதலில் ஒலியை மிகச் சிறிய துண்டுகளாக நறுக்குகிறது. வினாடிக்குச் சுமார் நூறு துண்டுகள். ஒவ்வொரு துண்டிலும் எந்த அதிர்வெண் எவ்வளவு வலுவாக உள்ளது என்று பார்த்து, அது எந்த எழுத்தின் ஒலியாக இருக்கலாம் என ஊகிக்கிறது. பிறகு, பயிற்சியில் கண்ட ஏராளமான வாக்கியங்களைக் கொண்டு, அந்த இடத்தில் எந்தச் சொல் வரக்கூடும் எனக் கணிக்கிறது. நம்மில் பலர் 'மழை'யை 'மளை' என்றுதான் சொல்கிறோம். ஆனாலும் அடுத்து 'பெய்கிறது' என்று வந்தால் இயந்திரம் சரியாக எழுதிவிடும். அதே கணிப்பு தவறவும் வைக்கும். 'மெர்போக்', 'பாசார் மாலாம்' போன்றவை பயிற்சியில் அரிதாக வந்திருந்தால், ஒலியில் நெருங்கிய வேறு தமிழ்ச் சொல்லை அங்கே பொருத்திவிடும். எழுத்துப்பிழை எதுவும் தெரியாது. அதனாலேயே அந்தத் தவற்றைக் கண்டுபிடிப்பது கடினம்.

தரத்தை அளக்க ஆய்வாளர்கள் 'சொற்பிழை விகிதம்' என்ற கணக்கை வைத்திருக்கிறார்கள். மாறிய சொற்கள், விடுபட்ட சொற்கள், கூடுதலாகச் சேர்ந்த சொற்கள் ஆகியவற்றைக் கூட்டி, உண்மையில் பேசிய சொற்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். செய்து பார்ப்போம்:

"ஜெராய் மலையில் கனத்த மழை பெய்கிறது. இப்போது ஆற்றுப் பக்கம் போக வேண்டாம்."

மொத்தம் 10 சொற்கள். ஓர் இயந்திரம் 'ஜெராய்' என்பதை 'ஜெயராம்' என்றும், 'மழை'யை 'மலை' என்றும் எழுதுகிறது. பிழை 20 விழுக்காடு. இன்னொன்று எல்லாவற்றையும் சரியாக எழுதி, கடைசிச் சொல்லை மட்டும் 'வேண்டும்' என்று முடிக்கிறது. பிழை 10 விழுக்காடுதான். கணக்கின்படி இரண்டாவதே சிறந்தது! முதலாவதைப் படிப்பவர் சிரித்துவிட்டு வீட்டிலேயே இருப்பார். இரண்டாவதைப் படிப்பவர்? காது கேட்பவருக்கு எழுத்து தவறினாலும் குரல் காப்பாற்றிவிடும். காது கேளாதவருக்கு அந்த எழுத்தைவிட்டால் வேறு சான்று இல்லை. 'வேணும்', 'வேணாம்' என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். ஓர் உயிரொலிதான் வேறுபாடு.

மெர்போக் வட்டாரத்தாருக்கு 2021 ஆகஸ்டு 18 நினைவிருக்கும். ஜெராய் மலையிலிருந்து திடீரெனப் பாய்ந்த வெள்ளம் மரங்களையும் பாறைகளையும் அடித்துக்கொண்டு யான், மெர்போக் பகுதிகளுக்குள் இறங்கியது. அப்படிப்பட்ட நாளில் வரும் எச்சரிக்கைக் காணொளியில் எந்தச் சொல் பிழையானது என்பதுதான் கேள்வி. எத்தனை சொல் என்பது அப்புறம். எல்லாப் பிழைக்கும் ஒரே மதிப்பெண் போடும் கணக்கை மட்டும் நம்பி ஒரு வசன வரியை 'நன்று' எனச் சொல்ல முடியாது என்பது என் கருத்து.

அமெரிக்காவில் இது நீதிமன்றம்வரை போனது. ஹார்வர்ட், எம்.ஐ.டி. பல்கலைக்கழகங்களின் இணையப் பாடங்களில் வசன வரி இல்லை, இருப்பதும் பிழை மலிந்தது என்று அந்நாட்டுக் காது கேளாதோர் தேசியச் சங்கம் 2015இல் வழக்குத் தொடுத்தது. தரமான வரிகள் தர ஹார்வர்ட் 2019இலும் எம்.ஐ.டி. 2020இலும் ஒப்புக்கொண்டன.

உங்கள் பள்ளி அறிவியல் கழகம் யூடியூபில் காணொளி போடுகிறதா? இயந்திரம் எழுதிய வரிகளைப் பதிவேற்றியவரே திருத்த முடியும். நேரம் குறைவு என்றால் நான்கை மட்டுமாவது பாருங்கள்: எண்கள், ஊர்ப்பெயர்கள், கலைச்சொற்கள், 'இல்லை', 'கூடாது', 'வேண்டாம்' போன்ற எதிர்மறைச் சொற்கள்.