கரும்புத் தீவில் முத்துசாமிகள்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. மாணவர் எழுதியது)

நம் கல்லூரியில் காலை 9.30 மணிக்கு மணி அடிக்கும்போது குவாதலூப் தீவில் நள்ளிரவு 12 மணி. கரீபியன் கடலின் கிழக்கு ஓரத்தில் ஒரு பொட்டளவே தெரியும் அந்தத் தீவை நான் தேடிப் போகவில்லை. எரிமலைகளைப் பற்றி வகுப்பில் பேச வேண்டியிருந்தது, நூலகத்தில் புரட்டிக்கொண்டிருந்தேன். அப்போது அத்தீவின் சார்பில் 1981 முதல் 2002 வரை பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் அமர்ந்திருந்தவரின் பெயர் கண்ணில் பட்டது: எர்னெஸ்ட் முத்துசாமி. எங்கள் தெருவிலேயே மூன்று முத்துசாமிகள் உண்டு. புத்தகத்தை மூட மனம் வரவில்லை.

குவாதலூப் பட்டாம்பூச்சி வடிவான இரட்டைத் தீவு. ரிவியேர் சலே என்னும் குறுகிய உப்புநீர்க் கால் இரு சிறகுகளையும் பிரிக்கிறது. மேற்குச் சிறகின் பெயர் பாஸ்-தேர், அதாவது தாழ்ந்த நிலம். கிழக்குச் சிறகு கிராந்த்-தேர், பெரிய நிலம். வேடிக்கை என்னவென்றால், 1,467 மீட்டர் உயரமுள்ள சூஃப்ரியேர் எரிமலை நிற்பது 'தாழ்ந்த' நிலத்தில். பரப்பில் சிறியதோ 'பெரிய' நிலம்! காற்று மறைவான பக்கத்தைத் தாழ்ந்தது என்பது மாலுமிகள் வழக்கம். கிழக்கிலிருந்து ஈரம் சுமந்து வரும் வியாபாரக் காற்று மலையில் மோதிக் கொட்டித் தீர்க்கிறது. சுண்ணாம்புப் பாறையாலான தட்டை நிலத்திற்கு மழை குறைவு. மேற்கு மலைகள் தடுத்த மழையின் மிச்சத்தோடு அமராவதியை நம்பி வாழும் நமக்கு இது புரியாத பாடமன்று.

1976 ஆகஸ்டில் அந்த எரிமலை சீறியபோது சுமார் 70,000 பேர் வெளியேற்றப்பட்டு, மூன்று மாதங்களுக்கு மேல் வீடு திரும்பாதிருந்தனர். சாம்பலும் நீராவியும் கக்கிவிட்டு மலை அடங்கிப் போயிற்று. வெளியேற்றியது தேவையா என்று விஞ்ஞானிகள் வெளிப்படையாகவே சண்டையிட்டுக் கொண்டார்கள். நடந்து முடிந்தபின் குறை சொல்வது எளிது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி மக்கள். 1848இல் பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்தது. விடுதலை பெற்ற ஆப்பிரிக்கர் பலர் பழைய முதலாளிகளின் கரும்புக் காட்டை வெறுத்து விலகினர். அந்த இடத்தை நிரப்பப் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேற்றப்பட்டவர்களே நம்மவர்கள். 'ஒரேலி' என்ற கப்பல் 1854 டிசம்பர் 24 அன்று முதல் கூட்டத்தை இறக்கியது. 1889 வரை வந்திறங்கியோர் சுமார் 42,000 பேர். ஒப்பந்தம் ஐந்தாண்டு. எழுத்தறியாத ஒருவன் எதற்குக் கைநாட்டு வைக்கிறோம் என்று எப்படி அறிவான்? என்னைப் பள்ளியில் சேர்த்த அன்று என் தந்தையாரும் கைநாட்டுத்தான் வைத்தார். என் பெயரில் ஓர் எழுத்து மாறிப்போனது. அது இன்றும் சான்றிதழில் அப்படியே இருக்கிறது. ஆகவே சிதம்பரம் அங்கே 'சிதாம்பரோம்' ஆனதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தச் சிதாம்பரோம் ஒரு பெருமகன். ஆன்றி சிதாம்பரோம் 1863இல் கபெஸ்தேர் என்ற ஊரில், கூலிகளாக வந்தவர்களின் பிள்ளையாகப் பிறந்தார். தீவிலேயே பிறந்தும் இந்தியர் மக்களுக்கு வாக்குரிமை மறுக்கப்படுவதை எதிர்த்து 1904இல் வழக்காடத் தொடங்கினார். 1923இல்தான் வெற்றி கிட்டியது. பத்தொன்பது ஆண்டுகள்!

தமிழ்ப் பேச்சு அங்கே மறைந்துவிட்டது. பேசுவது பிரெஞ்சும் கிரியோலும். ஆயினும் மாரியம்மன் 'மாலியேமன்' ஆகவும், மதுரை வீரன் 'மால்தேவிலன்' ஆகவும் வீற்றிருக்கிறார்கள். கடா வெட்டு உண்டு. தப்புக்குப் பெயர் 'தப்பு'தான். பொருள் முழுதும் தெரியாமலே தமிழ்ப் பாட்டுகளைத் தலைமுறையாக மனப்பாடம் செய்து பாடிவந்திருக்கிறார்கள். மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம் அரைத்த பொடியிட்டுச் சமைக்கும் கறியின் பெயர் 'கொலொம்போ'. கொழும்பு நகரத்தின் பெயர் அது என்பார் சிலர். குழம்பே அது என்பார் சிலர். நான் குழம்புக் கட்சி.

எங்கள் வீட்டுக்கு மிக நெருக்கமான செய்தி ஒன்று. அத்தீவுப் பெண்கள் விழாக்களில் தலையில் கட்டுவது 'மெட்ராஸ்' எனப்படும் கட்டம்போட்ட பருத்தித் துணி. அது வணிகர் வழியே 18ஆம் நூற்றாண்டிலேயே அங்கு போய்விட்டது. துணி முதலில் போனது; ஆள் பின்னால் போனான். தந்தையார் முன்பு கைலித் தறி ஓட்டியவர். படத்தைக் காட்டினேன். "கட்டம் நம்முளுதாட்டத்தான் இருக்குது" என்று மட்டும் சொன்னார்.

ஆத்தாவுக்குத்தான் ஆவல் அதிகம். "அங்கயும் நம்ம மாரியாத்தா இருக்கறாளா கண்ணு?" என்றார்.

"இருக்கறாளுங்காத்தா."

"போனவிகள்ல எத்தன பேரு திரும்பி வந்தாங்க?"

"பத்தாயிரம் பேருகூட இல்லீங்காத்தா."

மடித்த வெற்றிலையை வாயில் போடாமல் ஆத்தா நெடுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.