கயிறு கழன்ற பிறகே பறப்பு!

மாமல்லபுரத்தில் 2022 ஆகஸ்டில் நடந்த சர்வதேசப் பட்டத் திருவிழாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும்: நூல் அறுந்தால் பட்டம் கைவிட்டுப் போய்விடும். கிளைடர் இதற்கு நேர்மாறு. கயிறு கழன்ற பிறகுதான் அது பறக்கவே ஆரம்பிக்கும்.

எப்படி மேலே ஏறுகிறது?

கிளைடரில் இன்ஜின் கிடையாது. இன்ஜின் தரையில், ‘விஞ்ச்’ என்ற இழுவை இயந்திரத்தில் இருக்கிறது. அதன் உருளையில் சுமார் ஒரு கி.மீ. நீள எஃகுக் கம்பியோ செயற்கை இழைக் கயிறோ சுற்றியிருக்கும். மறுமுனையைக் கிளைடரின் அடிவயிற்றுக் கொக்கியில் மாட்டுவார்கள். விஞ்ச் சுருட்டச் சுருட்ட, கிளைடர் பட்டம்போல் விறுவிறுவென ஏறி, ஒரு நிமிடத்துக்குள் 300 மீட்டரைத் தாண்டிவிடும். விமானி மஞ்சள் குமிழை இழுத்ததும் கயிறு கழலும். அவர் மறந்தாலும், கயிறு பின்பக்கமாக இழுபடும்போது கொக்கி தானே விட்டுவிடும்.

இழுவிசை எல்லை மீறினால்? கயிற்றில் கோத்திருக்கும் சிறு உலோக இணைப்பு முதலில் முறிந்து இறக்கையைக் காப்பாற்றும். கழன்ற கயிறு தாறுமாறாக விழாமலிருக்க ஒரு குட்டி பாராசூட்டும் உண்டு.

மேலே எப்படி நிற்கிறது?

வேடந்தாங்கல் கூழைக்கடாக்கள் உச்சிவெயிலில் சிறகடிக்காமல் வட்டமிடும் அதே வித்தைதான். சூடான தரையிலிருந்து எழும் காற்றில் சுற்றிச்சுற்றி ஏற வேண்டும். ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று காட்டுவது வேரியோமீட்டர். முகப்புக் கண்ணாடியில் ஒட்டிய கம்பளி நூல் ஒன்று போதும், விமானம் பக்கவாட்டில் சறுக்குவதைக் கண்டுபிடிக்க.

செங்கல்பட்டிலிருந்து கடற்கரைக்குப் போகுமா?

புணே ஹடப்சர் கிளைடிங் மையத்தில் பயிற்சிக்குப் பயன்பட்ட ‘சூப்பர் பிளானிக்’, ஒரு கி.மீ. உயரத்திலிருந்து காற்றில்லாத வானில் சுமார் 28 கி.மீ. சறுக்கிச் செல்லும். செங்கல்பட்டு – மாமல்லபுரம் நேர்த்தொலைவு சுமார் 24 கி.மீ. கணக்கு சரிதான், ஆனால் பிற்பகல் கடற்காற்று விடாது. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் எதிர்த்து வீசினால், 22 கி.மீ.யிலேயே தரையிறங்க வேண்டியதுதான். போதாக்குறைக்கு, அந்தக் குளிர்காற்று தரைச்சூட்டைத் தணித்து, மேலெழும் காற்றையும் அடக்கிவிடும். உள்நாட்டு வெயில் பூமி கிளைடருக்குத் தோதாக இருப்பது இதனால்தான்.

இந்தியாவிலேயே வடிவமைத்த கிளைடர்களும் உண்டு. எஸ். ராமாமிர்தம் வடிவமைத்த ரோகிணி 1961-ல் பறந்தது. அசுவினி, பரணி, கார்த்திக், ரோகிணி, மிருகசீர், ஆர்த்ரா எனப் பஞ்சாங்கத்தின் முதல் ஆறு நட்சத்திரங்களும் நம் கிளைடர்களுக்குப் பெயராகியிருக்கின்றன.