காபிக்கொட்டையின் ஊர் எது?

மயிலாப்பூரில் காபித்தூள் வாங்கப் போனால் கேள்விகள் வரிசையாக வரும். பிளாண்டேஷன் ஏ-யா, பீபரியா, பாதிக்குப் பாதியா? சிக்கரி எவ்வளவு? பதில் சொன்னதும் கண்ணெதிரே அரைத்து, சூடு ஆறாத பொட்டலத்தைக் கையில் கொடுப்பார்கள். அந்தக் கொட்டை குடகில் விளைந்ததா, ஏற்காட்டிலா, கீழ்ப்பழனி மலையிலா என்று கேட்டால் மட்டும் கடையில் தெளிவான பதில் கிடைப்பது அரிது.

காரணம் எளிது. இந்தியாவின் காபி விவசாயிகள் சுமார் 3.66 லட்சம் பேரில் 98 சதவீதத்தினர் சிறு விவசாயிகள். அவர்கள் பறித்துக் காயவைத்த காபி வியாபாரிகள் கைமாறி கியூரிங் ஆலைக்குப் போகிறது. அங்கே தோல் நீக்கி, அளவு பார்த்துத் தரம் பிரிக்கும்போது பல தோட்டத்துக் கொட்டைகள் ஒரே மூட்டையில் சேர்ந்துவிடுகின்றன. விளைவித்தவரின் பெயர் அங்கேயே தொலைந்துபோகிறது.

அதை மீட்கத்தான் காபி வாரியம் 2019 மார்ச்சில் பிளாக்செயின் அடிப்படையிலான இணையச் சந்தை ஒன்றைச் சோதனை முறையில் தொடங்கியது. இடைத்தரகர்களைக் குறைத்து, விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கச் செய்வதும் அதன் நோக்கம்.

பிளாக்செயின் என்பது பலர் சேர்ந்து வைத்திருக்கும் கணக்குப் புத்தகம். ஒவ்வொரு பதிவும் முந்தைய பதிவின் அடையாளத்தைச் சுமந்திருக்கும். பிரதி எல்லோரிடமும் இருக்கும். ஒருவர் பழைய வரியைத் திருத்தினால் மற்றவர்களின் பிரதி காட்டிக்கொடுத்துவிடும். அமெரிக்காவில் வால்மார்ட் நடத்திய சோதனையில், ஒரு மாம்பழப் பாக்கெட் எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்று கண்டறிய முன்பு ஏறக்குறைய ஏழு நாள் பிடித்தது, பிளாக்செயினில் 2.2 விநாடி போதுமாக இருந்தது.

ஆனால், முதலில் எழுதியதே பொய்யாக இருந்தால்? அந்தப் பொய்யும் அழியாமல் பத்திரமாக இருக்கும்.

தி.நகர் நகைக்கடைகளைப் பார்த்தால் இது விளங்கும். ஹால்மார்க் நகையில் எழுத்தும் இலக்கமும் கலந்து ஆறு இடங்கள் கொண்ட எச்.யு.ஐ.டி. என்ற தனி அடையாள எண் 2023 ஏப்ரல் முதல் கட்டாயம். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் நகைக்கடை, சோதனை மையம், தூய்மை எல்லாம் தெரியும். இது பிளாக்செயின் இல்லை. இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்-இன் தரவுத்தளம். இதன் பலம், சோதித்த பொன்னின் மேலேயே லேசரால் எண்ணைப் பொறிப்பது. காபிக்கொட்டையில் எதைப் பொறிப்பது? கியூரிங் ஆலையில் தோட்டவாரியாக மூட்டையைப் பிரித்து வைக்காதவரை, எந்தத் தொழில்நுட்பமும் வெறும் காகிதத்தைத்தான் காக்கும்.

எல்லோரும் சேராவிட்டாலும் பயனில்லை. கப்பல் சரக்குக்காக மேர்ஸ்க்கும் ஐபிஎம்மும் 2018-இல் பெரிதாகத் தொடங்கிய டிரேட்லென்ஸ் என்ற பிளாக்செயின் தளத்தை, உலக அளவில் போதிய ஒத்துழைப்பு கிடைக்காததால் மூடுவதாக 2022 நவம்பரில் அறிவித்தார்கள்.

இப்போது நெருக்கடி வேறு திசையிலிருந்து வருகிறது. 2020-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த காபியை விற்கத் தடைவிதிக்கும் சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்தது. அமலாக்கம் தள்ளிப்போனாலும், விளைந்த நிலம் எங்கே இருக்கிறது என்பதை இறக்குமதியாளர் காட்டியே தீர வேண்டும். இந்தியக் காபியை அதிகம் வாங்கும் இத்தாலிக்கும் இது பொருந்தும். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் தலையில் இந்தப் பதிவுச் செலவைக் கட்டுவது அநியாயம். அதை ஏற்றுமதியாளர்களும் வாரியமும்தான் ஏற்க வேண்டும்.