தோட்டத்துக்குப் பழகினோம், நாட்டுக்குப் பழகினோமா?

பிழைப்புத் தேடி அயல்நாட்டுக்குப் போகிறவர் அந்த நாட்டுக்குப் பழகிக்கொள்ள வேண்டும் என்று சொல்கிறோம். பழகுவது என்றால் என்ன? தண்ணீர் ஒத்துக்கொள்வதா? வேலை கைக்கு வருவதா? அக்கம்பக்கத்தாரோடு ஒட்டி வாழ்வதா? இவை எல்லாமே வேண்டியவைதாம். ஆனால், இவை மட்டும் போதுமா என்று கேட்டால், போதாது என்று நெகிரி செம்பிலான் தோட்டங்களின் வரலாறு நமக்குச் சொல்கிறது. அதைத்தான் இன்று எண்ணிப் பார்க்கப் போகிறோம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் பெருகின. சக்கரங்களுக்கு ரப்பர் தேவைப்பட்டது. லிங்கி, லாபு, ரந்தாவ், சிலியாவ், போர்ட்டிக்சன், பகாவ் என்று பல பக்கங்களிலும் காடுகள் அழிந்து கித்தா மரங்கள் எழுந்தன. ஆள் வேண்டுமே! கங்காணிமார் சொந்த ஊருக்குப் போய் உறவினரையும் ஊராரையும் திரட்டி வந்தார்கள். 1907ஆம் ஆண்டில் தோட்ட முதலாளிகளிடம் வரி வாங்கிக் குடியேற்ற நிதி ஒன்று அமைக்கப்பட்டது. அதன் பிறகு கப்பல் செலவு அந்த நிதியிலிருந்து வந்தது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தங்கி, ஏறத்தாழ ஒரு வாரம் கடலில் மிதந்து, கரை இறங்கியதும் நோய்த் தடுப்பு முகாமில் நாள் கழித்து, அதற்குப் பிறகே அவர்கள் தோட்டத்தைக் கண்டார்கள்.

நெல் வயலில் உழைத்த கைக்குப் பால் வெட்டு புதிய வேலை. விடியுமுன் எழுந்து பிரட்டுக்கு நிற்க வேண்டும். பெயர் கூப்பிட்டு, நிரை பிரித்து அனுப்புவார்கள். ஏன் அவ்வளவு சீக்கிரம்? வெயில் ஏறுமுன் மரத்தின் உள்ளே நீர் நிறைந்திருக்கும். அப்போது வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். உளி ஆழமாக இறங்கிவிட்டால் மரம் காயப்படும். அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அதில் மறுபடி வெட்டுவது கடினம். இரவில் மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் அன்று வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் அந்த வேலைக்கான கூலியும் இல்லை. இத்தனையையும் நம் முன்னோர் கற்றார்கள். பெண்களும் கற்றார்கள். கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

வேலையோடு பேச்சும் மாறியது. மலாய்மொழியின் கெத்தா நம் வாயில் கித்தா ஆனது. சந்தையைப் பாசார் என்றோம். மலாய்க்காரர் வாழும் கிராமத்தைக் கம்போங் என்றோம். இதில் வியப்பு ஒன்று உண்டு. நாம் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழ் வணிகர்களோடு வந்த சொற்கள் மலாய்மொழியில் இருந்தன. கடை அங்கே கெடாய், கப்பல் அங்கே காப்பல், மாம்பழம் அங்கே மெம்பெலாம். ஆகவே, கம்போங் கடைக்குப் போன தமிழ்ப் பெண்ணுக்கு அந்தப் பேச்சு முற்றிலும் அந்நியமாக இருக்கவில்லை.

இப்படி வேலைக்கும் வாழ்க்கைக்கும் விரைவில் பழகிவிட்டோம். ஆனால், பழகியது எதற்கு? தோட்டத்துக்கு. குடியிருக்க லயத்து வீடு, வழிபடக் கோயில், மருந்துக்கு ஆஸ்பத்திரி, மளிகைக்குத் தோட்டத்துக் கடை, குடிக்கக் கள்ளுக்கடை என எல்லாம் தோட்ட எல்லைக்குள்ளேயே கிடைத்தன. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும். அதனால் பள்ளியும் உள்ளேயே வந்தது. துரையிடம் பேசக் கங்காணி இருந்தார். எழுத்து வேலைக்குக் கிராணி இருந்தார். நாற்பது ஆண்டு உழைத்த ஒருவர், சிரம்பானில் உள்ள அரசாங்க அலுவலகத்தின் படியை ஒரு முறைகூட மிதிக்காமல் வாழ முடிந்தது. வசதிதானே என்று தோன்றும். ஆனால், வீடும் வேலையும் ஒரே கையில் இருந்தபடியால், வேலை போகிற அன்று வீடும் போகும்.

அந்த ஆபத்து வெகு விரைவிலேயே தெரிந்தது. உலகப் பொருளாதார மந்தத்தால் ரப்பர் விலை விழுந்தபோது, 1930 முதல் 1932 வரை தொழிலாளர்கள் பெருந்தொகையாக இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். விலை ஏறினால் ஆளைக் கூப்பிடு, விலை இறங்கினால் ஆளை அனுப்பு என்பதே வழக்கமாக இருந்தது. 1938இல் இந்திய அரசு, உதவி பெற்று மலாயாவுக்குக் கூலி வேலைக்கு வருவதைத் தடை செய்தது. புதிய ஆட்கள் வருவது நின்றது. பிறகு ஜப்பானியர் ஆட்சியும், சயாம் மரண ரயில் பாதையும் எத்தனையோ குடும்பங்களைச் சிதைத்தன. மிஞ்சியவர்களின் பிள்ளைகள் இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தார்கள். ஊர் என்றால் அவர்களுக்குச் சிலியாவும் பகாவும்தான்.

1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் நாடு விடுதலை பெற்றது. அன்று முதல் இந்நாட்டில் பிறக்கும் குழந்தை குடிமகன் என்று அரசியல் சட்டம் சொன்னது. முன்பே பிறந்தவர்களும், வெளியில் பிறந்து இங்கே நெடுநாள் வாழ்ந்தவர்களும் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற வேண்டியிருந்தது. மலாய்மொழியில் ஓரளவு பழக்கம் வேண்டும் என்பது நிபந்தனை. ஆனால், முதல் ஓராண்டுக்குள் விண்ணப்பிக்கும் உள்நாட்டில் பிறந்தவர்களுக்கும், வெளியில் பிறந்தவர்களில் 45 வயதைக் கடந்தவர்களுக்கும் அந்த நிபந்தனையிலிருந்து விலக்கு இருந்தது. கதவு அகலத் திறந்திருந்த ஆண்டு அது.

பலர் உள்ளே நுழைந்தார்கள். பலர் வெளியிலேயே நின்றுவிட்டார்கள். ஏன்? காரணங்களை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. பட்டணத்துக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும். பாரம் நிரப்ப எழுத்து தெரியாது. தோட்டத்தில் பிறந்தவருக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. இருந்தாலும் அதில் ராமாயி என்றும், அடையாளக் கார்டில் ராமாயம்மாள் என்றும் பெயர் வேறு வேறாக இருக்கும். கொஞ்சம் பணம் சேர்ந்ததும் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்ற நினைப்பு சிலருக்கு. இங்கே கையெழுத்துப் போட்டால் அங்கே இருக்கும் நிலபுலம் போய்விடுமோ என்ற பயம் சிலருக்கு. சிவப்புக் கார்டும் கார்டுதானே, வேலை நடக்கிறது, சம்பளம் வருகிறது, அப்புறம் என்ன என்று இருந்தவர்களும் உண்டு. அவர்கள் கண்ணில் தோட்டமே நாடாக இருந்தது.

அந்தக் கணக்கு 1969இல் தவறிப்போனது. குடிமக்கள் அல்லாதவர்கள் குறிப்பிட்ட வேலைகளில் இருக்க அனுமதிச் சீட்டு வேண்டும் என்று 1968இல் இயற்றப்பட்ட சட்டம் கடுமையாக நடைமுறைக்கு வந்தது. இருபது, முப்பது ஆண்டுகளாகப் பால் வெட்டியவர்கள் அனுமதிச் சீட்டுக்காக வரிசையில் நின்றார்கள். பல்லாயிரக்கணக்கானோர் கப்பலேறினார்கள். குடும்பங்களின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். தகப்பனிடம் இருப்பதோ சிவப்புக் கார்டு. 1958இல் பிறந்த மகனோ பிறப்பினாலேயே குடிமகன். தகப்பன் போனால் மகனும் போவதா, இங்கேயே உறவினர் வீட்டில் தங்குவதா? அவர்கள் வேலையில் குறை இல்லை, உழைப்பில் குறை இல்லை. இல்லாதது ஒரு தாள்தான்.

நெகிரி செம்பிலான் மலாய்க்காரர்களைப் பாருங்கள். அவர்களில் பெரும்பாலோரின் முன்னோரும் கடல் கடந்து, சுமத்ராவின் மினாங்கபாவ் நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களே. நிலம் தாய்வழியாக மகளுக்குச் சேரும் தங்கள் வழக்கத்தை, அதாத் பெர்ப்பாத்தே என்று பெயர் சொல்லி இன்றும் காத்து வருகிறார்கள். பழைய வழக்கத்தை விடாமலே புதிய மண்ணில் வேரூன்ற முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? எந்த மண்ணை மிதிக்கிறாயோ, அந்த மண்ணின் வானத்தைத் தலையில் தாங்கு என்பது மலாய்ப் பழமொழி. நம் கோயிலும் மொழியும் நம்மோடு இருக்கட்டும். அதோடு, மிதிக்கும் மண்ணின் சட்டத்தையும் தெரிந்து வைத்திருப்போம்.

இது பழங்கதை என்று நினைத்துவிட வேண்டாம். இன்று பல தோட்டங்களில் கித்தாவுக்குப் பதில் செம்பனை நிற்கிறது. நம்மவர் பலர் சிரம்பான், செனவாங், நீலாய் என்று குடிபெயர்ந்துவிட்டார்கள். ஆனால், பத்திரமில்லாத பிள்ளைகள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆகவே, தாய்மார்கள் சிலவற்றை மனத்தில் வைக்க வேண்டும்.

குழந்தை பிறந்த 60 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். பெற்றோர் பெயர்களை அடையாளக் கார்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள். பிழை இருந்தால் அன்றே சொல்லுங்கள். பன்னிரண்டு வயதில் பிள்ளைக்கு அடையாளக் கார்டு எடுக்க வேண்டும்.

கல்யாணம் என்றால் தாலி கட்டியதோடு முடிந்தது என்பது நம் வழக்கம். ஆனால், 1976ஆம் ஆண்டின் திருமணச் சட்டம் 1982 மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படி திருமணத்தைப் பதிவு செய்தாக வேண்டும். பதியாத திருமணத்தில் பிறக்கும் பிள்ளைக்குச் சட்டம் தகப்பனைப் பார்ப்பதில்லை, தாயைத்தான் பார்க்கும். தகப்பன் குடிமகனாகவே இருந்தாலும், தாய் குடிமகளாகவோ நிரந்தரவாசியாகவோ இல்லாவிட்டால், பிள்ளைக்குக் குடியுரிமை தானாகக் கிடைக்காது. பிறகு அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் வேலையிலும் படும் துன்பம் சொல்லி முடியாது. ஆகையால், பிள்ளை பிறக்கும் முன்பே திருமணத்தைப் பதிந்துவிடுங்கள். ஒரு நாள் கூலியை நினைத்து ஒரு தலைமுறையின் உரிமையை இழக்கலாமா?

மற்றொன்றும் சொல்ல வேண்டும். நம் பாட்டன்மார் உளி பிடித்த நிரைகளில் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாரும் வேலை செய்கிறார்கள். மொழி தெரியாமல், ஊர் நினைவோடு, கடவுச்சீட்டு எங்கே இருக்கிறது, அனுமதி எப்போது முடிகிறது என்ற கவலையோடு வாழ்கிறார்கள். அவர்கள் யார் என்று கேட்டால், ஒரு காலத்தில் நாம் இருந்த இடத்தில் இன்று இருப்பவர்கள் என்றுதான் சொல்ல வேண்டும். கடைக்கு வழி கேட்டால் காட்டுங்கள். கடிதம் படிக்கத் தெரியாமல் நின்றால் படித்துச் சொல்லுங்கள். அந்த உதவி அன்று நம்மவர்க்கு வேண்டியதாக இருந்தது.