கழுத்து எலும்புத் தேய்மானம்: அஞ்ச வேண்டியதும் அஞ்ச வேண்டாததும்

நம் சங்கக் கூட்டங்களுக்கு வரும் அன்பர்களைக் கவனித்திருக்கிறேன். ஐம்பதைக் கடந்தவர்களில் பலர் அரை மணி நேரம் மேடையைப் பார்த்து உட்கார்ந்ததும் பிடரியில் கையை வைத்துக் கொள்வார்கள். விசாரித்தால், "ஸ்பாண்டிலோசிஸ் சார்" என்று பதில் வரும். எனக்கும் அது உண்டு. அல்சூரில் இருக்கும் என் அண்ணனுக்கும் உண்டு. எனக்கு அது தொல்லையாக வந்தது. அவருக்கு ஆபத்தாக வந்தது. இரண்டுக்கும் பெயர் ஒன்றாக இருந்ததால் நாங்கள் ஏமாந்தோம். நான் மருத்துவன் அல்லன். மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்து கொண்டதை, மற்றவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

கழுத்துக்குள் நடப்பது என்ன?

நம் தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. அதைத் தாங்குபவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய 7 சிறு எலும்புகள். மேலே உள்ள முதல் இரண்டைத் தவிர, மற்ற எலும்புகளுக்கு இடையே 'டிஸ்க்' எனப்படும் வட்டுகள் இருக்கின்றன. வட்டின் நடுவில் நீர்ச்சத்து மிகுந்த பசை போன்ற பொருளும், அதைச் சுற்றி உறுதியான நார் வளையமும் உண்டு. எலும்புகளுக்குப் பின்னால் உள்ள குழாய் போன்ற வழியில் தண்டுவடம் இறங்குகிறது. பக்கத்துத் துளைகள் வழியாகத் தோளுக்கும் கைகளுக்கும் நரம்புகள் பிரிகின்றன.

வயது ஏற ஏற வட்டில் நீர் குறைந்து அது தட்டையாகிறது. எலும்புகள் நெருங்குகின்றன. பின்புறத்துச் சிறு மூட்டுகளின் மேல் சுமை கூடி, அவற்றின் வழவழப்பான குருத்தெலும்பு தேய்கிறது. இதற்கு ஈடுகட்டுவது போல் எலும்பின் ஓரங்களில் சிறு முளைகள் தோன்றுகின்றன. முழங்கால் தேய்வதைப் போன்றதுதான் இதுவும். 5, 6, 7-ஆம் எலும்புகளின் இடையில் இது அதிகம்.

அறுபதைத் தாண்டியவர்களுக்கு எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலோருக்குத் தேய்மானம் தெரியும். அவர்களில் பலருக்கு வலியே இராது. ஆகவே எக்ஸ்ரேயைக் கண்டு மட்டும் கலங்க வேண்டியதில்லை.

முதல் காரணம் வயது. பரம்பரை, பழைய அடி, புகைப்பழக்கம், வேலையின் தன்மை ஆகியவையும் சேர்ந்து கொள்ளும். நான் ஒரு தொழிற்சாலையில் 31 ஆண்டுகள் குனிந்தபடியே நுண்ணிய பாகங்களைப் பொருத்தியவன். இன்று என் பேரப்பிள்ளைகள் அதே கோணத்தில் செல்போனைப் பார்க்கிறார்கள். தலையை 60 டிகிரி குனிந்தால் கழுத்தில் ஏறும் சுமை சுமார் 27 கிலோ என்று நியூயார்க்கைச் சேர்ந்த முதுகெலும்பு மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-இல் கணக்கிட்டார். ஆளைச் சோதித்துக் கண்டதல்ல, கணக்கு மட்டுமே. ஆயினும் போனைக் கண்மட்டத்துக்கு உயர்த்திப் பிடிக்க அது ஒரு நல்ல நினைவூட்டல்.

வலி குறைய

கழுத்து வலியும், நரம்பு அழுத்தத்தால் கைக்கு இறங்கும் வலியும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ அறுவை சிகிச்சை இல்லாமலே தணிந்து விடுகின்றன. எனக்குப் பயன்பட்டவை இவை:

வெந்நீர்ப் பையால் 15 நிமிடம் ஒத்தடம். ஒரே மெல்லிய தலையணை. கழுத்தும் முதுகும் நேர்கோட்டில் இருந்தால் போதும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து தோளை உருட்டுதல். வலி தணிந்த பின் தினமும் ஒரு பயிற்சி: உள்ளங்கையை நெற்றியில் வைத்து, தலை அசையாதபடி கையும் தலையும் ஒன்றையொன்று எதிர்த்து அழுத்த வேண்டும். ஐந்து எண்ணி விட வேண்டும். இதுபோலவே இரு பக்கமும், பின்பக்கமும் ஐந்தைந்து முறை. கையில் மரமரப்போ வலியோ கூடினால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

கழுத்துப் பட்டையை மாதக்கணக்கில் போட்டால் தசைகள் வலுவிழக்கும். மருத்துவர் சொன்ன சில நாட்கள் போதும். வலி மாத்திரைகளை மருந்துக் கடையில் தாமே வாங்கித் தொடர்ந்து விழுங்கக் கூடாது. அவற்றில் பல வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இரத்த அழுத்தத்தையும் ஏற்றும். இடது கை வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் வந்தால், கழுத்து என்று இருந்துவிடாமல் இருதயத்தைப் பரிசோதிக்க ஓட வேண்டும்.

முடிதிருத்தும் கடையில் தலையைப் பிடித்து 'மடக்' என்று நெட்டி எடுத்துக் கொள்ளும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. சுகமாகத்தான் இருக்கும். ஆனால் மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய்கள் கழுத்து வழியாகவே போகின்றன. திடீர்த் திருப்பலில் அவற்றின் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். 2024-இல் பல்லாரியைச் சேர்ந்த 30 வயது இளைஞர் ஒருவருக்கு இப்படி நேர்ந்தது செய்தித்தாள்களில் வந்தது. அன்றோடு நான் அந்தப் பழக்கத்தை விட்டேன்.

அண்ணனுக்கு நடந்தது

அண்ணனுக்குக் கழுத்து வலி அதிகம் இல்லை. அதனால்தான் ஏமாந்தோம். சட்டைப் பித்தான் போட நேரமாயிற்று. காபி டம்ளர் நழுவியது. நடையில் ஒரு தள்ளாட்டம். சர்க்கரை என்றோம், வயது என்றோம். ஒருநாள் அண்ணி போனில், "தம்பி, உங்க அண்ணன் கையெழுத்து மாறிப்போச்சுன்னு பேங்க்ல செக்கைத் திருப்பிட்டாங்க" என்றார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. உள்ளூர் மருத்துவரிடம் போய்க் கன்னடத்தில் "கத்து நோவு" என்று மட்டும் சொன்னோம். கை மரத்துப் போவதைச் சொல்ல "ஜோமு" என்ற சொல் எனக்குத் தெரியும், அதைச் சொல்லவில்லை. தள்ளாட்டத்தையும் பித்தானையும் சொல்லவில்லை. வலி மாத்திரையோடு திரும்பினோம். எட்டு மாதங்கள் போயின.

எம்.ஆர்.ஐ. எடுத்தபோது எலும்பு முளைகளும் பிதுங்கிய வட்டும் தண்டுவடத்தையே அழுத்திக் கொண்டிருந்தன. அறுவை சிகிச்சை நோய் முற்றாமல் தடுத்தது. நடை ஓரளவு தேறியது. விரல்களின் நுண்மை முழுதாகத் திரும்பவில்லை. இன்றும் அண்ணிதான் பித்தான் போட்டு விடுகிறார். அழுத்தம் நீண்ட நாள் இருந்தால் நலிந்த நரம்பு முழுதும் மீள்வது அரிது என்று மருத்துவர் சொன்னார்.

எனவே அன்பர்களே, இவற்றை நினைவில் வையுங்கள்: விரல்கள் தடுமாறுவது, கையெழுத்து மாறுவது, கை கால் வலுவிழப்பது, நடை தள்ளாடுவது, சிறுநீர் மலம் அடக்க முடியாமை. இவற்றில் ஒன்று வந்தாலும், வலி இல்லாவிட்டாலும், நாள் கடத்தாமல் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். காய்ச்சல், அடிபட்ட பின் வந்த வலி, காரணமில்லாத உடல் மெலிவு ஆகியவை கழுத்து வலியோடு சேர்ந்தாலும் அப்படியே. நம் ஊரில் ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் இருக்கிறது; 1974-இல் இன்றைய அமைப்பைப் பெற்ற மத்திய அரசு நிறுவனம். நரம்பியல், நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவுகள் இரண்டும் அங்கு உண்டு.

மருத்துவரிடம் போகுமுன் உடம்பில் கண்ட மாறுதல்களை ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். தமிழோ கன்னடமோ, எந்த மொழியானாலும் சரி, ஒன்றையும் விடாமல் சொல்லுங்கள். இன்று மாலை உங்கள் வீட்டுப் பெரியவர் பித்தான் போடுவதையும் ஒருமுறை கவனித்துப் பாருங்கள்.