31 டிகிரியைத் தாண்டினால்

சித்திரை வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும் நாளில், ஏதோ ஒரு மின்பலகைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் தீயணைப்பு சிலிண்டருக்குள் என்ன இருக்கும்? வாயில் கறுப்புக் கூம்பு வைத்த ரகம்; கார்பன் டை ஆக்சைடு அடைத்தது. வாயு என்றால் தப்பு. திரவம் என்றாலும் தப்பு.

31 டிகிரியை நெருங்கும்வரை கதை எளிது. பெரும்பகுதி திரவமாகக் கீழே கிடக்கும், மேலே வாயு நிற்கும். இரண்டும் சேர்ந்திருக்கும்வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலைதான்; உள்ளே எவ்வளவு மிச்சம் என்று அது காட்டிக்கொடுக்காது. இந்த ரகத்தில் அழுத்தமானி வைக்காததும், சோதிக்க வருபவர் தராசில் எடை பார்ப்பதும் அதனால்தான். 31-ஐத் தாண்டி, அழுத்தமும் வளிமண்டலத்தைப்போல் 73 மடங்குக்கு மேல் போனால், திரவம், வாயு என்ற பிரிவே கிடையாது. சூப்பர் கிரிட்டிக்கல் நிலை என்பார்கள். வழக்கமான அளவு நிரப்பிய சிலிண்டரில் நாற்பது டிகிரிக்கே அழுத்தம் நூறு மடங்கைத் தாண்டிவிடும். எல்லைமீறி ஏறினால் கிழிந்து வழிவிட, வால்வில் ஒரு மெல்லிய தகடு உண்டு.

பெல்ஃபாஸ்டில் வேதியியலாளர் தாமஸ் ஆண்ட்ரூஸ் 1860-களில் கண்ணாடிக் குழாயில் இதைக் கண்ணால் பார்த்தார். சூடேற ஏற, திரவத்தின் மேல்விளிம்பு மங்கி, வளைவு போய், மறைந்தேவிட்டது.

திரவம்போல் அடர்ந்து, வாயுபோல் எங்கும் நுழையும் இந்தப் பண்டத்தைக் கொண்டு காபிக்கொட்டையிலிருந்து கஃபீனை உருவுகிறார்கள், மிளகின் சாரத்தை எடுக்கிறார்கள். அழுத்தத்தை விட்டால் வாயுவாகிப் பறந்துவிடும், எச்சம் தங்காது.

இதெல்லாம் இளஞ்சூடு. நிஜமான உலை பூமிக்கடியில். சென்னைப் பல்லாவரத்துக் கருங்கல்லுக்கு சார்னகைட் என்று பெயர். 1893-இல் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் வைத்தது. சுமார் 700 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில், பல ஆயிரம் மடங்கு அழுத்தத்தில் உருவாகும் பாறை. தென்னிந்திய சார்னகைட்டுகள் பலவற்றின் குவார்ட்ஸ் மணிகளில், முடியைவிட மெல்லிய குழிகளுக்குள் கார்பன் டை ஆக்சைடு சிறைப்பட்டிருக்கிறது. நீரை விரட்டி இந்தப் பாறையை ஆக்கியதே அதுதான் என்று ஒரு கட்சி. பின்னால் வந்து புகுந்தது என்று இன்னொரு கட்சி. முதல் கட்சி சொல்வது எனக்குக் கவர்ச்சியாகத்தான் இருக்கிறது, ஆனால் கவர்ச்சி சான்றாகாது.

சான்று தேடுபவர்கள் பாறையை மெல்லிய சீவலாக்கி, நுண்ணோக்கியடியில் உறையவைத்து, மெல்லச் சூடேற்றுவார்கள். மைனஸ் 56.6 டிகிரியில் உருகினால் சுத்தமான கார்பன் டை ஆக்சைடு. பிறகு உள்ளிருக்கும் குமிழ் சுருங்கி மறையும், எப்படியும் 31-க்குள். எவ்வளவு சீக்கிரம் மறைகிறதோ அவ்வளவு அடர்த்தி. அடர்த்தியிலிருந்து, அடைபட்டபோதிருந்த அழுத்தத்தைக் கணக்கிடலாம். பாறை மேலேறி வந்த வழியில் குழி கசிந்திருந்தால் கணக்கு தப்பும். சண்டை தீராததற்கு அதுவும் ஒரு காரணம்.